அச்சு நூலின் விலையும் மின்னூலின் விலையும்: மலேசியத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் பின்னணியில் ஒரு நோக்கு

முன்னுரை

பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவை அடுத்து அமைந்துள்ள சிற்றூர் தஞ்சோங் ரம்புத்தான். 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையால் நாடறிந்த ஊர் இது. ஈயமும் இரப்பரும் செழித்த காலத்தில் இப்பகுதியில் தமிழர் பலர் குடியேறினர். இரயில் நிலையமும் தமிழ்ப்பள்ளியும் கொண்ட இவ்வூரினர் பெரிய கடைத்தெருவுக்கு ஈப்போவையே நாடுவர். இத்தகைய ஊரில் பணிபுரியும் ஒரு தமிழாசிரியர் மலேசியத் தமிழ் நாவல் ஒன்றை வாங்க விரும்பினால், ஈப்போவுக்குச் செல்ல வேண்டும். அல்லது நூலாசிரியர் நடத்தும் வெளியீட்டு விழாவுக்குச் செல்ல வேண்டும். அல்லது அஞ்சல்வழி பெற வேண்டும். மின்னூலாயின் அது அவருடைய கைப்பேசிக்கே வந்துவிடும். தாள் இல்லை, அச்சு இல்லை, நூற்கட்டு இல்லை, அஞ்சற்செலவும் இல்லை. அவ்வாறிருக்க, மின்னூலின் விலை அச்சு நூலின் விலையில் பத்தில் ஒரு பங்காகக் குறையாதது ஏன் என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது.

இவ்வினாவுக்குத் தொழில்நுட்பம் சார்ந்த விடைகள் பல கூறப்படுகின்றன. ஆயினும் தமிழ் நூல்களைப் பொறுத்தமட்டில், குறிப்பாக மலேசியத் தமிழ் நூல்களைப் பொறுத்தமட்டில், இதற்குரிய விடை பதிப்பு வரலாற்றினுள்ளேயே அமைந்துள்ளது. ஒரு நூலின் முதற்படியை உருவாக்கும் செலவை யார் ஏற்றனர் என்பதே நூல்விலையின் வரலாறு என்பதையும், மின்னூல் அவ்வினாவை மீண்டும் நம்முன் நிறுத்துகின்றது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலையைத் தாளால் அளக்கும் மரபு

நூலின் விலையைத் தாளைக் கொண்டு அளக்கும் வழக்கம் தமிழில் ஆழமாக வேரூன்றியுள்ளது. தமிழ்நாட்டுப் பதிப்புத் துறையில் பதினாறு பக்கங்கள் கொண்ட ‘பாரம்’ என்பதே கணக்கின் அடிப்படை. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழி நூலக வரி நடைமுறைக்கு வந்து, பொது நூலகங்கள் பரவிய பின்னர், நூலக ஆணை தமிழ்ப் பதிப்பாளர்களின் முதன்மையான ஆதரவாயிற்று. அவ்வாணைக்கான விலையும் பாரக் கணக்கிலேயே அறுதியிடப்பட்டது. ஓராண்டில் எழுதப்பட்ட நூலும் பத்தாண்டு ஆய்வில் விளைந்த நூலும் பக்க எண்ணிக்கை ஒத்திருப்பின் ஒரே விலை பெற்றன. எனவே, வாங்குபவர் தாளுக்கே விலை கொடுக்கின்றார் என்னும் எண்ணம் பதிப்பாளரிடத்தும் வாசகரிடத்தும் நிலைபெற்றது. தாளற்ற நூலுக்கு விலை எதற்கு என்னும் இன்றைய வினா இவ்வெண்ணத்தின் தொடர்ச்சியே எனலாம்.

உண்மைக் கணக்கு இதனின்று வேறுபட்டது. 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பதிப்பாளர்களிடமிருந்து விவரம் திரட்டி ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி, 26 டாலர் விலையுள்ள கெட்டி அட்டை நூல் ஒன்றில் பதிப்பாளருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 13 டாலர். அச்சிடுதல், சேமித்து வைத்தல், அனுப்புதல் ஆகியவற்றுக்கும், விற்காமல் திரும்பும் படிகளுக்கும் சேர்த்து ஆகும் செலவு 3.25 டாலர் மட்டுமே. அதாவது, விலையில் எட்டில் ஒரு பங்கு. மின்னூல் நீக்குவது இந்த எட்டில் ஒரு பங்கைத்தான். எஞ்சியவை நூலாசிரியரின் பங்கு, செப்பனிடுதல், வடிவமைப்பு, விளம்பரம், நிருவாகம், விற்பனையாளரின் பங்கு என்பனவாகும். இவற்றுள் எதுவும் தாளோடு சேர்ந்து மறைந்துவிடுவதில்லை.

முதற்படிச் செலவு

அமெரிக்கக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. அங்கு ஆயிரக்கணக்கில் விற்கும் நூல், இங்கு நூற்றுக்கணக்கில் விற்கின்றது. மலேசியத் தமிழ் நூல்கள் பெரும்பாலும் 500 முதல் 1000 படிகள் வரையே அச்சிடப்படுகின்றன. இந்நிலையை விளக்க ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கை அமைத்துக் கொள்வோம். இதிலுள்ள தொகைகள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவை.

ஒரு நாவலைத் தட்டச்சு செய்து, மெய்ப்புத் திருத்தி, பக்கம் அமைத்து, அட்டை வடிவமைக்க 3,000 ரிங்கிட் ஆகின்றது எனக் கொள்வோம். இதுவே முதற்படிச் செலவு. 500 படிகள் அச்சிடப் படிக்கு 8 ரிங்கிட் வீதம் 4,000 ரிங்கிட். மொத்தம் 7,000 ரிங்கிட். படி ஒன்றுக்கு அடக்கவிலை 14 ரிங்கிட். இதே நாவல் மின்னூலாக மட்டும் வெளிவருமாயின் 4,000 ரிங்கிட் மிச்சமாகும். 500 பேர் வாங்கினால் படி ஒன்றுக்கு அடக்கவிலை 6 ரிங்கிட்டாகக் குறையும். ஆனால் 100 பேர் மட்டுமே வாங்குவராயின் அதே அடக்கவிலை 30 ரிங்கிட்டாக உயரும். விற்பனைத் தளம் நூற்றுக்கு 30 பங்கு எடுத்துக்கொள்ளுமாயின், முதலை மீட்கவே ஏறத்தாழ 43 ரிங்கிட் விலை வைக்க வேண்டும். தாளற்ற நூல் தாளுள்ள நூலைவிட விலை கூடியதாகும் விந்தையை இங்குக் காண்கிறோம்.

இதற்கு மாறாக, அச்சுப் பதிப்பு முன்னரே வெளிவந்து முதற்படிச் செலவை மீட்டுவிட்டதெனில், மின்னூலை 5 ரிங்கிட்டுக்கும் கொடுக்கலாம். ஆகவே மலிவான மின்னூல் என்பது பெரும்பாலும் வேறொருவர் முன்னரே செலவை ஏற்றுக்கொண்ட நூலாகும். இந்திய வரிச் சட்டமும் அறிந்தோ அறியாமலோ இவ்வுண்மையை ஒட்டியே அமைந்தது. 2017இல் பொருள் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அச்சு நூலுக்கு வரி இல்லை. மின்னூலுக்கு நூற்றுக்கு 18 வரி. 2018ஆம் ஆண்டு ஜூலையில் அது 5 ஆகக் குறைக்கப்பட்டபோது, அச்சு வடிவமும் உடைய மின்னூல்களுக்கே அச்சலுகை வழங்கப்பட்டது. அச்சு நூலின் நிழலாக அமையும் மின்னூலுக்கே நூல் என்னும் தகுதி கிட்டியது.

வாசகர் தொகை பெருகினால் தாள் நூலும் மலியும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உள. 1935இல் இங்கிலாந்தில் பெங்குயின் நூல்கள் ஆறு பென்சு விலையில் வெளிவந்தன. பெருந்தொகையாக அச்சிட்டதும், ஊர்தோறும் கிளை பரப்பியிருந்த ஊல்வொர்த் கடைகள் பெருமளவில் வாங்கியதுமே அதற்குக் காரணம். தமிழகத்தில் பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றது. பின்னர் அவற்றை எவரும் வெளியிடும் நிலை உண்டாயிற்று. சக்தி வை. கோவிந்தன் 1950களில் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய் மலிவுப் பதிப்பாக வெளியிட்டார். தாளும் மையும் இருந்தே அந்நூல்கள் மலிந்தன. மலிவுக்கு அடிப்படை வாசகரின் எண்ணிக்கையும் உரிமைத்தொகை இல்லாமையுமே ஆகும்.

கையொப்பமும் வெளியீட்டு விழாவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் நூல்களின் முதற்படிச் செலவைப் புரவலர்களும் கையொப்பக்காரர்களும் ஏற்றனர். அச்சாகும் முன்னரே பணம் தர ஒப்பிக் கையொப்பமிடும் முறை அது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது இம்முறையையே பெரிதும் நம்பினார். முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் நாவல் வாசிப்புப் பெருகவே, தமிழகப் பதிப்புத்துறை புரவலரை விடுத்துச் சந்தையை நோக்கி நகர்ந்ததென ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஆய்வுகள் காட்டுகின்றன.

மலாயாவில் இப்பெயர்ச்சி முழுமை பெறவில்லை. இங்கு முதல் தமிழ் நாவலாகப் பரவலாகக் கருதப்படும் க. வெங்கடரத்தினத்தின் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917இல் வெளிவந்தது. அதற்குப் பின்னர் ஒரு நூற்றாண்டு கடந்தும், எழுத்தாளரே பதிப்பாளராகவும் விற்பனையாளராகவும் இருக்கும் நிலை பெரும்பாலும் மாறவில்லை. வாசகர் தொகை சிறியது. தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த நூல்களோ பெருஞ்சந்தைக்காக அச்சிடப்பட்டு விலை குறைந்தவை. மலாயாத் தோட்ட வாழ்வைப் பாடுபொருளாகக் கொண்ட அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ தமிழகச் சந்தையின் விலையில் இங்கு வந்து சேர்ந்தது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எழுத்தாளர் அதே வாழ்வை எழுதி இங்கு அச்சிட்டபோது, அவருக்கு அச்சந்தை வாய்க்கவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பியதே நூல் வெளியீட்டு விழா என்னும் மரபாகும். முதல் நூலைப் பெறும் பிரமுகர் அதன் விலையைவிடப் பன்மடங்கு தொகை வழங்குவார். அடுத்து அழைக்கப்படுவோர் தத்தம் தகுதிக்கேற்பத் தருவர். உறவினரும் நண்பரும் ஆசிரியரும் உறையிலிட்டுக் கொடுப்பர். நூலின் பின்னட்டையில் அச்சிடப்பட்ட விலை அங்குப் பெயரளவினதே. முதற்படிச் செலவும் அச்சுச் செலவும் அவ்வொரு மாலைப் பொழுதிலேயே மீட்கப்படுகின்றன. இது பழைய கையொப்ப முறையின் மறுவடிவம் என்று கொள்வதில் தவறில்லை.

மின்னூல் இம்மரபை இழக்கின்றது. மேடையில் ஏந்திக் கொடுக்கவும், பெற்றுக்கொண்டு நிழற்படம் எடுத்துக்கொள்ளவும் ஒரு பொருள் வேண்டும். கோப்பு ஒன்றுக்கு எவரும் ஆயிரம் ரிங்கிட் உறை தருவதில்லை. ஆகவே மின்னூல் தாட்செலவை மட்டும் நீக்கவில்லை. முதற்படிச் செலவை ஏற்றுவந்த சமூகச் சடங்கையும் சேர்த்தே நீக்கிவிடுகின்றது. மலேசியத் தமிழ் மின்னூலின் விலைச் சிக்கலுக்கு அடிப்படைக் காரணம் இதுவேயாகும்.

கைமாறும் நூலும் கைமாறாத நூலும்

வாசகரின் பக்கமிருந்தும் விலையை நோக்குதல் வேண்டும். 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நிர்ணயக் கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் தாக்கியதும் அதுவும் குறைக்கப்பட்டது. ஒரு வெள்ளி விலையுள்ள நூல் என்றால், ஆண் தொழிலாளிக்கு இரண்டு நாள் உழைப்பு. பெண் தொழிலாளிக்கு இரண்டரை நாள் உழைப்பு. தனியொருவர் நூல் வாங்குதல் எளிதன்று. ஆயினும் லயங்களில் எழுத்தறிந்த ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்கப் பலர் கூடிக் கேட்டனர். 1924இல் தொடங்கப்பட்ட தமிழ் நேசனும் 1935இல் தொடங்கப்பட்ட தமிழ் முரசும் அச்சிட்ட படிகளைவிட மிகுதியான செவிகளை எட்டின. ஒரு நூல் பத்துக் கைகளுக்கு மாறியது. அட்டையில் இருந்த விலையைப் பத்தால் வகுத்தால் கிடைப்பதே ஒரு வாசகருக்குரிய உண்மை விலை.

இன்று நிலைமை மாறியுள்ளது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதம் 26 வேலை நாள் எனக் கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 ரிங்கிட். 30 ரிங்கிட் நூல் அரைநாள் உழைப்புக்கும் குறைவு. கூலியோடு ஒப்பிட நூல் மலிந்துள்ளது. ஆயினும் 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. தமிழ் நேசன் 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் நின்றுவிட்டது. எனவே வாசிப்புக்குத் தடை விலை மட்டுமே என்று கூறுதல் பொருந்தாது.

மின்னூல் இங்குப் பிறிதொரு மாற்றத்தையும் கொணர்கின்றது. அச்சு நூலை வாங்கியவர் அதனை இரவல் தரலாம், விற்கலாம், பள்ளி நூலகத்திற்கு வழங்கலாம். மின்னூலை வாங்குபவர் பெறுவதோ படிக்கும் உரிமம் மட்டுமே. வாங்கிய மின்னூலை மறுவிற்பனை செய்வதற்கான தளம் ஒன்றை நடத்துதல் உரிமையாளரின் இசைவின்றி இயலாதென ஐரோப்பிய நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு டிசம்பரில், டாம் கேபினட் வழக்கில் தீர்ப்பளித்தது. 2011இல் ஹார்ப்பர் காலின்ஸ் பதிப்பகம், நூலகங்கள் வாங்கும் மின்னூல் 26 முறை இரவல் தந்தபின் காலாவதியாகும் என அறிவித்தது. தஞ்சோங் ரம்புத்தானில் ஆசிரியர் ஒருவர் வாங்கிய அச்சு நூல் அவருடைய மாணவர் பத்துப் பேரிடம் செல்லும். அவர் வாங்கிய மின்னூல் சட்டப்படி அவரிடமே தங்கிவிடும். 30 ரிங்கிட் அச்சு நூலைப் பத்துப் பேர் படித்தால் தலைக்கு 3 ரிங்கிட். 10 ரிங்கிட் மின்னூலை ஒருவர் படித்தால் தலைக்கு 10 ரிங்கிட். மலிவென்று தோன்றுவது இவ்வாறு கணக்கிடுகையில் விலை மிக்கதாகின்றது.

விற்பனைத் தளங்களும் விலையும்

மின்னூலின் விலையைத் தீர்மானிப்பதில் விற்பனைத் தளங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. 2007ஆம் ஆண்டு நவம்பரில் அமேசான் நிறுவனம் கிண்டில் கருவியை வெளியிட்டபோது, புதிய நூல்கள் பலவற்றுக்கு 9.99 டாலர் விலை வைத்தது. தான் பதிப்பாளருக்குக் கொடுத்ததைவிடக் குறைவாகவும் சில நூல்களை விற்றது. இவ்விலையே இயல்பான விலை என்னும் எண்ணம் வாசகர் உள்ளத்தில் பதிந்தது. 2010இல் ஆப்பிள் நிறுவனம் ஐந்து பெரும் பதிப்பகங்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி விலையைப் பதிப்பாளரே அறுதியிட்டனர். பல நூல்கள் 12.99 டாலருக்கும் 14.99 டாலருக்கும் உயர்ந்தன. 2012இல் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. ஆப்பிள் குற்றம் புரிந்ததாக 2013இல் தீர்ப்பாயிற்று.

தனி எழுத்தாளருக்கு அமேசான் வகுத்த விதியும் விலையை வடிவமைக்கின்றது. 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை விலையிட்டால், குறித்த சில நாடுகளின் விற்பனைக்கு எழுத்தாளருக்கு நூற்றுக்கு 70 பங்கு. அவ்வெல்லைக்கு வெளியே 35 பங்கு. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் சிலவற்றுக்குக் கிண்டில் 2016ஆம் ஆண்டு டிசம்பரில் இடமளித்தது. சிறுசந்தை மொழியின் எழுத்தாளர், பெருஞ்சந்தைக்கு வகுத்த எல்லைக்குள் தம் விலையைப் பொருத்திக்கொள்ள வேண்டியவராகின்றார். மலேசியாவில் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல், வெளிநாட்டு நிறுவனங்கள் வழங்கும் மின்னிலக்கச் சேவைகளுக்கு விதிக்கப்படும் சேவை வரியும் மின்னூலைச் சாரும். 6 விழுக்காடாக இருந்த அவ்வரி 2024ஆம் ஆண்டு மார்ச்சில் 8 ஆயிற்று.

விலையில்லா நூலும் செலவில்லா நூலும்

விலையின்றிக் கிடைக்கும் தமிழ் மின்னூல்கள் மேற்கூறிய கருத்தை மறுப்பனபோல் தோன்றும். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் இலக்கியங்களை உலகெங்கும் இலவசமாக வழங்கியது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களைக் காத்து வருகின்றது. ஆனால் அந்நூல்களைத் தட்டச்சு செய்தவர்களும் மெய்ப்புப் பார்த்தவர்களும் ஊதியமின்றி உழைத்த தன்னார்வலர்கள். தமிழ் எழுத்துருக்கள் பல்வேறு குறியீட்டு முறைகளில் சிதறிக் கிடந்த காலத்தில், ஒருமுறை உள்ளிட்ட பாடத்தையே மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டியிருந்தது. இத்துறையில் முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியரான முத்து நெடுமாறன் போன்றோரின் உழைப்பும் நினைக்கத்தக்கது. விலையில்லா நூல் செலவில்லா நூல் அன்று. இங்குப் பணம் தந்த புரவலருக்கு மாற்றாக உழைப்பைத் தந்த புரவலர் அமைந்தனர்.

சிங்கப்பூர் இதற்கோர் அண்மைச் சான்று. அந்நாட்டின் பொன்விழாவை ஒட்டி, ஐம்பதாண்டுத் தமிழ்ப் படைப்புகளை மின்னுருவாக்கும் திட்டம் சமூகத்தின் முன்முயற்சியாலும் தேசிய நூலக வாரியத்தின் துணையாலும் நிறைவேறி, 2015இல் வெளியிடப்பட்டது. முதற்படிச் செலவைச் சமூகமும் அரசும் ஏற்றன. வாசகருக்கு விலை இல்லாதாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மின்னூலின் விலை தாளின்மையால் தீர்மானிக்கப்படுவதன்று என்பது பெறப்படும். முதற்படிச் செலவு, அதனைப் பகிர்ந்துகொள்ளும் வாசகர் தொகை, இடைநிற்கும் விற்பனைத் தளத்தின் பங்கு, வரி, உரிமத்தின் எல்லை ஆகியனவே அதனைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் மலேசியத் தமிழ் நூலுக்கு முதன்மையானது முதற்படிச் செலவே.

இது வெறும் வணிகக் கணக்கன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற்றப்பட்டும், அங்கு வாழ்ந்தோர் சிதறிவிட்டனர். அவ்வாழ்வின் பதிவுகளுள் பல ஐந்நூறு படிகள் மட்டும் அச்சாகி, மறுபதிப்பின்றி, ஆசிரியர்தம் இல்லங்களில் பழுப்பேறிக் கிடக்கின்றன. நமது பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுவரை உரிமையைக் காக்கின்றது. உரிமை முடியும்வரை தாள் தாங்குமா என்பது ஐயமே. இவற்றைச் சந்தை தானே மின்னூலாக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. நூறு வாசகர்க்குரிய நூலின் கணக்கை மேலே கண்டோம்.

இந்நாட்டில் இதற்கு முன்னோடி உண்டு. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்த காலத்தில், தமிழ் நூலகத்திற்கென ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி திரட்டினார். தோட்டத் தொழிலாளர் உள்ளிட்ட எளிய மக்கள் ஆளுக்கொரு வெள்ளி வழங்கினர். தாம் ஒருபோதும் சென்று படிக்க இயலாத நூலகத்திற்காக அவர்கள் அவ்வெள்ளியைத் தந்தனர் என்பது கருதத்தக்கது.

வெளியீட்டு மேடையில் ஒரு நூலுக்கு நூறு ரிங்கிட் தரும் வழக்கம் நம்மிடையே இன்னும் உள்ளது. அத்தொகையில் ஒரு சிறு பங்கேனும் அந்நூலின் மின்பதிப்புக்கெனவும், அச்சில் இல்லாத பழைய நூல் ஒன்றின் மின்னுருவாக்கத்திற்கெனவும் ஒதுக்கப்படுமாயின், முதற்படிச் செலவு முன்கூட்டியே ஏற்கப்பட்டுவிடும். அதன்பின் மின்னூலின் விலை தானே இறங்கும். பல்கலைக்கழகத் துறைகளும் எழுத்தாளர் அமைப்புகளும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் கூடிச் செய்யத்தக்க பணி இது. எந்தெந்த நூல்கள் எவரிடம் எஞ்சியுள்ளன என்னும் பட்டியலை ஊர்தோறும் தொகுப்பது அதன் முதற்படியாக அமையும்.